கோப்பிலிருந்து தொடங்குங்கள்: நமக்கு உதவும் கட்டற்ற மென்பொருளைத் தேடிப் பிடிக்கும் வழி

கணினியில் ஒரு வேலை ஆக வேண்டும். அதற்கு நல்ல மென்பொருள் வேண்டும். ஆண்டுச் சந்தா கட்ட முடியாது, திருட்டுப் பிரதி போடவும் மனமில்லை. இப்படித் தேட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ‘கட்டாயம் இருக்க வேண்டிய 50 மென்பொருள்கள்’ மாதிரியான பட்டியல்களில்தான். அதில் பத்தை இறக்கிப் போடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் பயன்பாட்டில் இருக்கும். பட்டியலில் தப்பில்லை. உங்கள் வேலை என்ன என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரையில் நாம் வேறு முனையிலிருந்து போகப் போகிறோம்: உங்கள் கையில் இருக்கும் கோப்பிலிருந்து.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே பேசுவது கட்டற்ற, திறமூல மென்பொருளைப் பற்றி. அதன் மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகள், எல்லோருக்கும் திறந்திருக்கும். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் வழியாக வளர்ந்த உரிமைகள் இவை. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் இந்த வகையில் சேராது. மூடிய மென்பொருளை இன்று சும்மா கொடுக்கும் நிறுவனம் நாளைக்கு விலை வைக்கலாம், கடையை மூடலாம். நாம் ஒன்றும் செய்ய முடியாது. மூலநிரல் திறந்திருந்தால் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும். முப்பரிமாண வேலைக்கான பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002-இல் பயனர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலை மீட்டு, கட்டற்ற உரிமத்தில் வெளியிட வைத்தார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம் அதே பிளெண்டரில் செய்ததுதான்.

முதல் படி: வேலையையும் கோப்பு வகையையும் எழுதுங்கள்

நீங்கள் கணினியில் உண்மையிலேயே செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ‘போட்டோ எடிட்டிங்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘கேமராவில் எடுத்த ரா படங்களின் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) வெளிச்சத்தைச் சரிசெய்து ஜேபெக் ஆக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மொட்டையாகத் தேடினால் படங்களைத் திருத்தும் கிம்ப் வரும். அது அருமையான மென்பொருள்தான், ஆனால் ரா படங்களுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபிதான் பொருத்தம். இவை மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில் எழுதி வைக்கும். எத்தனை ஆண்டு கழித்தும் முதலிலிருந்து வேறு மாதிரி செய்து பார்க்கலாம். ஆயிரக்கணக்கான படங்களை ஆள்வாரியாக, இடவாரியாக அடுக்குவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் டிஜிகேம். மூன்றும் ‘போட்டோ’ வேலைதான், மூன்றுக்கும் கருவி வேறு.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: உள்ளே வரும் கோப்பு எந்த வகை, வெளியே போக வேண்டியது எந்த வகை? தேடலைப் பாதியாகக் குறைப்பது இந்தக் குறிப்புதான். பொழுதுபோக்கு ஒவ்வொன்றுக்கும், அதில் இருப்பவர்கள் எல்லோரும் பரிமாறிக்கொள்ளும் பொதுவான கோப்பு வகை ஒன்று இருக்கும். அந்த வகையின் பெயரோடு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று சேர்த்துத் தேடினால் அந்தத் துறையில் இருப்பவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் மேலே வரும். அதோடு, பொதுவான வகையில் சேமித்து வைத்தால் நாளை மென்பொருளை மாற்றினாலும் உங்கள் வேலை உங்களோடு வரும்.

சில எடுத்துக்காட்டுகள். சதுரங்க ஆட்டங்கள் பிஜிஎன் வகையில் பதிவாகும். அதை வைத்துத் தேடினால் ஸ்கிட் என்ற ஆட்டத் தரவுத்தள மென்பொருள் வரும், ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயரும் வரும். ஸ்டாக்ஃபிஷ் உலகின் வலுவான சதுரங்க இயந்திரங்களில் ஒன்று. ஆனால் அதைத் தனியாக இறக்கித் திறந்தால் பலகை வராது, கறுப்புத் திரையில் சில எழுத்துகள்தான் வரும். அது மூளை மட்டும். பலகை காட்ட ஸ்கிட் போல ஒன்று வேண்டும், அதற்குள் இதை இணைக்க வேண்டும். எதையும் நிறுவ வேண்டாம் என்றால் லிச்செஸ் தளத்தின் அலசல் பலகையிலேயே இதே ஸ்டாக்ஃபிஷ் ஓடுகிறது. அந்தத் தளமும் திறமூலம்தான்.

நடைபயணமோ சைக்கிளோ போகிறவர்களுக்கு, போன வழியைப் பதியும் ஜிபிஎக்ஸ் வகை. வழியைப் போனில் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபடச் செயலியில் பதிந்து, வீட்டுக்கு வந்து ஜிபிஎக்ஸ்சீயில் உயர வரைபடத்தோடு பார்க்கலாம். இன்னும் ஆழமாக வரைபட வேலை வேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ் அதே கோப்பைத் திறக்கும். குடும்ப வரலாறு தொகுப்பவர்களுக்கு ஜெட்காம் வகையும் கிராம்ப்ஸ் மென்பொருளும். இசைக் குறியீடு எழுதுபவர்களுக்கு மியூசிக்எக்ஸ்எம்எல், மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு: ஏறக்குறைய அதே பெயரில், இசைத்தாள்களைப் பகிரும் தளம் ஒன்று சந்தா கேட்கும். எழுதும் மென்பொருளுக்கு அந்தச் சந்தா தேவையே இல்லை.

வானத்தைப் பார்ப்பவர்களுக்குக் கோப்பே வேண்டாம், ஸ்டெல்லேரியம் போதும். ஊரைக் குறித்துவிட்டு நேரத்தை நகர்த்தினால் அந்த இடத்து இரவு வானம் அப்படியே திரையில் வரும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அதில் முதலிலேயே இருக்கின்றன. பிறகு தொலைநோக்கியில் படம் எடுக்கும் ஆசை வந்தால் ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்புகளும், பல படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தெளிவாக்கும் சிரில் மென்பொருளும் காத்திருக்கின்றன. எம்ப்ராய்டரி எந்திரம் வைத்திருப்பவர்களில் பலருக்கு இங்க்/ஸ்டிட்ச் பற்றித் தெரிவதில்லை. கோடுகளாலான எஸ்விஜி படங்களை வரையும் இங்க்ஸ்கேப்புக்குள் சேர்க்கும் நீட்சி அது. வரைந்த கோடுகளைத் தையலாக மாற்றி எந்திரம் படிக்கும் கோப்பாகக் கொடுக்கும். மின்சுற்றுப் பலகை வடிவமைக்க கீகேட், முப்பரிமாண அச்சுக்கு மாதிரி வரைய ஃப்ரீகேட், மின்னூல்களை அடுக்கவும் வகை மாற்றவும் காலிபர், ஓவியத்துக்குக் கிரிட்டா, ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி.

அன்றாட வேலைகளுக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. படம் பார்க்க விஎல்சி, கோப்புகளைச் சுருக்கி விரிக்க 7-ஜிப், கடிதம், கணக்கு, ஸ்லைடுகளுக்கு லிப்ரெஆஃபிஸ், உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க கீபாஸ்எக்ஸ்சி, காணொளியின் அளவைக் குறைக்க ஹேண்ட்பிரேக், திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ. பழைய தாள்களை ஸ்கேன் செய்து அதிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் டெசராக்ட் தமிழையும் படிக்கும். ஜிஇமேஜ்ரீடர் மூலம் அதைக் கட்டளை தட்டாமலே இயக்கலாம்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

ஆல்டர்னேட்டிவ்டூ என்ற தளத்தில் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் மாற்றுகளைக் காட்டும். வடிகட்டியில் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதையும் உங்கள் இயங்குதளத்தையும் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விற்பனைச் சரக்கும் கலந்து வரும். இங்கே ஒரு எச்சரிக்கை: அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிம்ப்பில் பட்டன்கள் வேறு இடத்தில்தான் இருக்கும். ‘அந்த மென்பொருள் மாதிரி இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘என் வேலை முடிகிறதா’ என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்த இன்னொரு வழி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தாதவர்கள்கூட டெபியனின் தொகுப்புப் பட்டியலைப் பார்ப்பது. டெபியன் என்பது முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் வெளியீடு. அதில் 60,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதிகள், இருக்கின்றன. அதன் ‘மெயின்’ பிரிவுக்குள் ஒரு மென்பொருள் வர வேண்டும் என்றால் உரிமம் உண்மையிலேயே கட்டற்றதா என்று ஆட்கள் பார்த்த பிறகுதான் வரும். உரிமம் பற்றி நீங்கள் செய்ய வேண்டிய சரிபார்ப்பை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். பட்டியல் துறைவாரியாகவும் பிரித்திருக்கிறது: ஒலி, மின்னணுவியல், அறிவியல், அமெச்சூர் வானொலி என்று. அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு விண்டோஸ் பதிப்போ மேக் பதிப்போ உண்டா என்று பார்த்தால் போதும். பலவற்றுக்கு இருக்கும்.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஃபிளாட்ஹப் என்ற மென்பொருள் தளம் வசதியானது. ஆனால் அதில் மூடிய மென்பொருளும் உண்டு, ஆகவே பக்கத்தில் உள்ள உரிம வரியைப் படியுங்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு எஃப்-டிராய்டு என்ற செயலித் தளம் இருக்கிறது. அங்கே திறமூலச் செயலிகள் மட்டும்தான். ஒரு செயலி விளம்பரம் காட்டினாலோ, உங்களைக் கண்காணித்தாலோ, மூடிய சேவை ஒன்றைச் சார்ந்திருந்தாலோ அதைச் செயலியின் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுவார்கள். பாட்காஸ்ட் கேட்க ஆண்டெனாபாட், நினைவு அட்டைகளால் மொழி படிக்க அங்கிடிராய்டு என்று ஆரம்பிக்கலாம்.

மூன்றாம் படி: நிறுவுவதற்கு முன் ஐந்து நிமிடம்

பெயர் கிடைத்துவிட்டது. உடனே இறக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதன் பக்கத்தைத் திறந்து வலப்பக்கப் பெட்டியைப் பாருங்கள். உரிமம் என்ன, கடைசி நிலையான பதிப்பு எப்போது வந்தது, அதிகாரபூர்வ இணையதளம் எது, மூலநிரல் எங்கே இருக்கிறது என்று நான்கும் அங்கேயே கிடைக்கும். உரிம வரியில் ஜிபிஎல், எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி, எம்பிஎல் இவற்றில் ஒன்று இருந்தால் சரி. ‘ஃப்ரீவேர்’ என்றோ ‘ப்ரொப்ரைட்டரி’ என்றோ இருந்தால் அது வேறு வகை.

கடைசிப் பதிப்பின் தேதியைப் படிக்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். இணையத்தோடு பேசும் எதுவும் (உலாவி, அஞ்சல், கோப்புப் பகிர்வு) பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு சிறு வேலையைச் செய்யும் கருவி இரண்டு ஆண்டாக அப்படியே இருந்தால் அது முழுமையடைந்த கருவியாகவும் இருக்கலாம். பெயரின் பிரபலத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டு அதை இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை உருவாக்கியவர்களில் பெரும்பகுதியினர் 2010-இலேயே பிரிந்து போய் ஆரம்பித்ததுதான் லிப்ரெஆஃபிஸ். ஓப்பன்ஆஃபிஸின் 4.1 வரிசை 2014-இல் தொடங்கியது, இன்றும் திருத்தப் பதிப்புகள் அதே வரிசையில்தான் வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் லிப்ரெஆஃபிஸை எடுப்பதே நல்லது.

பதிப்பு எண்ணைப் பார்த்தும் பயப்படாதீர்கள். ஃப்ரீகேட் 1.0 என்ற எண்ணை எட்டியது 2024 நவம்பரில். அதற்கு முன் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களோடுதான் வந்துகொண்டிருந்தது, அதை வைத்தே மக்கள் பாகங்களைச் செய்தார்கள். முழுமையான முதல் பதிப்பு என்று பொருள்படும் 1.0-ஐப் போட இந்த உலகில் ரொம்பவே யோசிப்பார்கள்.

நான்காம் படி: சரியான இடத்திலிருந்து இறக்குங்கள்

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தேடுபொறியில் பிரபலமான பெயரைத் தட்டினால் மேலே வருவது சில சமயம் விளம்பரம். அது போலித் தளத்துக்குப் போகும், அதில் கிடைக்கும் கோப்பில் தீநிரல் ஒட்டியிருக்கும். அதனால் தேடல் முடிவிலிருந்து நேரடியாக இறக்காமல், விக்கிப்பீடியா பெட்டியில் உள்ள அதிகாரபூர்வ இணைப்பு வழியாகப் போங்கள். விஎல்சிக்கு யாராவது பணம் கேட்டால் உடனே அந்தப் பக்கத்தை மூடுங்கள். ஆனால் கிரிட்டா போன்ற சில திட்டங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவும், ஸ்டீம் போன்ற கடைகளில் காசுக்கும் கொடுக்கின்றன. அது நேர்மையான ஏற்பாடு, அந்தப் பணம் உருவாக்கத்துக்குப் போகிறது.

கோப்பு வழியில் மாறவில்லை என்று உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. கேட்கப் பெரிதாக இருக்கும், செய்ய ஒரு நிமிடம்தான். கிம்ப்பின் இறக்கப் பக்கத்தில், கோப்புக்குக் கீழே எஸ்எச்ஏ-256 என்று போட்டு 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வரி இருக்கும். கோப்பின் கைரேகை அது. விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், இறக்கிய கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து (விண்டோஸ் 11 என்றால் மேலும் விருப்பங்களைத் திறந்து) ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ என்ற பட்டியலில் எஸ்எச்ஏ-256-ஐ அழுத்துங்கள். சில நொடிகளில் உங்கள் கோப்பின் வரி வரும். இரண்டையும் நோட்பேடில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பல திட்டங்கள் மூலநிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கும்போது பலர் திணறுவது ஒரே இடத்தில்தான். ‘ரிலீசஸ்’ பக்கத்தில் ‘சோர்ஸ் கோட்’ என்று ஒரு ஜிப் கோப்பு இருக்கும். அதை இறக்கித் திறந்தால் நிரல்கள்தான் இருக்கும், நிறுவ எதுவும் இருக்காது. அதே பட்டியலில் உங்கள் இயங்குதளத்துக்கான கோப்பைத் தேடுங்கள்: விண்டோஸுக்கு இஎக்ஸ்இ அல்லது எம்எஸ்ஐ, மேக்குக்கு டிஎம்ஜி, லினக்ஸுக்கு டெப், ஆர்பிஎம் அல்லது ஆப்இமேஜ். பெயரில் எக்ஸ்64 என்று இருந்தால் வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு. ஏஆர்எம்64 என்பது புதிய மேக் கணினிகளுக்கும், ஏஆர்எம் சிப் உள்ள சில விண்டோஸ் லேப்டாப்களுக்கும்.

ஐந்தாம் படி: ஒரு உண்மையான வேலையை முடியுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் போதும். மாதிரிக் கோப்பை வைத்து விளையாடாமல், உங்கள் சொந்த வேலை ஒன்றின் நகலை எடுத்து அதை முழுதாக முடித்துப் பாருங்கள். பழைய மென்பொருளை உடனே நீக்க வேண்டாம்.

முதல் நாளில் எல்லோருக்கும் வரும் ஒரு குழப்பத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிம்ப்பில் படத்தைத் திருத்திவிட்டு ‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற கோப்பு வரும், அதைப் போனில் பார்க்க முடியாது. ஜேபெக்கோ பிஎன்ஜியோ வேண்டும் என்றால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும். ஆடாசிட்டியிலும் சேமித்தால் ஏயுபி3 என்ற திட்டக் கோப்பு, எம்பி3 வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட். அடுக்குகளோடும் தடங்களோடும் நாளை மறுபடி திருத்துவதற்காகத் திட்டக் கோப்பு, அடுத்தவருக்கு அனுப்ப ஏற்றுமதிக் கோப்பு. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதி மென்பொருள்கள் வசப்பட்டுவிடும். காணொளி தொகுக்கும் கேடென்லைவில் இன்னொரு படி கவனம் வேண்டும்: அதன் திட்டக் கோப்புக்குள் காணொளிகள் இருக்காது, அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். ஆகவே ஆரம்பிக்கும்போதே எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு, முடியும்வரை நகர்த்தாதீர்கள்.

லிப்ரெஆஃபிஸில் வேர்டு கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், அதே வகையில் சேமிக்கலாம். பக்க அமைப்பு சில நேரம் கலையும். எழுத்துரு இல்லாதது அதற்கு ஒரு பெரிய காரணம். வேர்டு கோப்புகளில் அடிக்கடி வரும் எழுத்துருக்களான காலிப்ரிக்கும் கேம்ப்ரியாவுக்கும் பதிலாக, எழுத்தின் அகலம் மாறாத கார்லிட்டோவும் காலடியாவும் லிப்ரெஆஃபிஸோடு வருகின்றன. வேறு எழுத்துரு என்றால் வரிகள் நகரும். எளிய கடிதம், கணக்குத் தாள் எல்லாம் பிரச்சினை இல்லை. மாற்றிமாற்றித் திருத்த வேண்டிய சிக்கலான ஆவணம் என்றால் முதலில் ஒரு நகலை அனுப்பி, எதிர்ப்பக்கம் எப்படித் தெரிகிறது என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். படிக்க மட்டும் கொடுப்பது என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். உங்களுக்காக வைத்துக்கொள்ளும் கோப்புகளை லிப்ரெஆஃபிஸின் சொந்த வகையான ஓடிடி (.odt) வகையிலேயே வையுங்கள். அந்த வகைக்கு அடிப்படையான ஓடிஎஃப் 2006-இலிருந்து ஐஎஸ்ஓ தரம்.

பழக எவ்வளவு காலம் கொடுப்பது? ஆடாசிட்டி, 7-ஜிப் எல்லாம் ஒரு மாலைப் பொழுதில் பிடிபடும். பிளெண்டருக்கும் ஃப்ரீகேடுக்கும் மாதங்கள் வேண்டும், முதல் வாரத்தில் எரிச்சல்தான் வரும். அதற்காகக் கைவிட வேண்டாம். ஆனால் உங்கள் வேலைக்கு அவ்வளவு பெரிய கருவி தேவையா என்றும் யோசியுங்கள். ஒரு அறைக்குள் மேசையும் கட்டிலும் எப்படிப் போடலாம் என்று பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி போதும்.

நிறுவிய பிறகு

ஒரு சாதாரண உரைக் கோப்பில், நிறுவிய ஒவ்வொன்றின் பெயர், எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தப் பதிப்பு என்று எழுதி வையுங்கள். விண்டோஸில் எல்லா மென்பொருளும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 7-ஜிப் அப்படிப்பட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்து அவ்வப்போது புதிய பதிப்பு போடலாம். கணினி மாற்றும்போதும் அதே பட்டியல் கைகொடுக்கும்.

எங்காவது மென்பொருள் உடைந்தால், முதலில் பிழைச் செய்தியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால், அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் நீங்களே எழுதலாம். அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், என்ன வரிசையில் எதை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். முடிந்தால் சிக்கல் வரும் கோப்பின் சிறிய வடிவத்தை இணையுங்கள். அப்படி எழுதிய ஒரு அறிக்கை உருவாக்குபவருக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இடைமுகத்தில் தமிழ் பாதியில் நின்றிருப்பதைப் பார்த்தால், அதை நிரப்பும் வழியும் திறந்தே இருக்கிறது. லிப்ரெஆஃபிஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் உலாவியிலேயே நடக்கிறது, கணக்கு ஒன்று தொடங்கிச் சொற்றொடர்களை ஒவ்வொன்றாகப் பரிந்துரைக்கலாம். பணமாக உதவ விரும்பினால் பெரும்பாலான திட்டங்களின் தளத்தில் நன்கொடைப் பக்கம் உண்டு. பிளெண்டருக்கும் கிரிட்டாவுக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது.